‘பிக் சிக்கன்’: கிருமி ஒரு கதை, மருந்து ஒரு கதை

மெரின் மெக்கன்னா எழுதிய ‘பிக் சிக்கன்’ 2017-ல் வந்த புத்தகம். பிரிட்டனில் இதையே ‘பிளக்ட்!’ என்ற பெயரில் போட்டார்கள். அமெரிக்கக் கோழிப் பண்ணைகளுக்குள் ஆன்டிபயாடிக் எப்படி நுழைந்தது, அங்கிருந்து மருந்துக்கு அடங்காத கிருமிகள் எப்படி நம் தட்டுக்கு வந்தன, பிறகு கம்பெனிகள் எப்படி மனசு மாறின என்பதுதான் கதை. புது புத்தகம் இல்லையே, இப்ப எதுக்கு என்று கேட்பீர்கள். வந்த புதிதில் எல்லோரும் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் புத்தகம் ஒரு நம்பிக்கையோடு முடிகிறது. அந்த நம்பிக்கை என்ன ஆனது என்று பார்க்க இப்போதுதான் போதுமான வருஷங்கள் கடந்திருக்கின்றன. பார்த்தால், புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே ஒரு முடிச்சு தப்பாக விழுந்திருப்பது தெரிகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய வரலாற்றைச் சொல்லும் அத்தியாயங்கள் அபாரம். 1948-ல் நியூயார்க் மாநிலத்தில் லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானி கோழிக்குஞ்சுகளுக்கு விதவிதமான தீவனம் கொடுத்துப் பார்க்கிறார். அவர் தேடியது பி12 வைட்டமினுக்கு மலிவான ஒரு மூலம். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சி எடுத்த பிறகு மிஞ்சும் கசடு ஆய்வகத்தில் சும்மா கிடந்தது, அதையும் ஒரு கூட்டத்துக்குப் போட்டார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு எல்லோரும் லீவில் போய்விட, மனுஷன் தனியாக வந்து குஞ்சுகளை எடை போடுகிறார். கசடு தின்ற குஞ்சுகள்தான் எல்லாவற்றையும் விடக் கொழுத்திருந்தன. வைட்டமின் மட்டும் காரணமில்லை, கசடில் ஒட்டியிருந்த துளி மருந்துதான் வேலை செய்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் அது நாடு முழுக்கத் தீவனத்தில் கலந்துவிட்டது. ஒரு தொழிலையே மாற்றிய விஷயம், குப்பையில் போகவிருந்த கசடில் இருந்து கிளம்பியது. மெக்கன்னா இதை எழுதியிருக்கும் விதத்தில் ஒரு துப்பறியும் கதையின் வேகம் இருக்கு.

அதற்கு இணையானது ஸ்டூவர்ட் லெவியின் பரிசோதனை. எழுபதுகளின் நடுவில், மாசசூசெட்ஸில் ஒரு பண்ணைக் குடும்பத்திடம் குஞ்சுகளைக் கொடுத்து, பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம், பாதிக்கு வெறும் தீவனம் என்று வளர்க்கச் சொன்னார். சில நாட்களிலேயே மருந்து தின்ற கோழிகளின் குடலில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பெருகியது. பிறகு மருந்தே தின்னாத கோழிகளிடம். சில மாதங்களில், எந்த மருந்தும் சாப்பிடாத அந்தக் குடும்பத்தாரின் குடலிலும். இதைவிடச் சுவாரசியம், கிருமிகள் டெட்ராசைக்ளினோடு நிற்கவில்லை. தீவனத்தில் இல்லாத வேறு மருந்துகளுக்கும் எதிர்ப்பு வந்துவிட்டது. காரணம், எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையத்தில் மூட்டையாகக் கட்டப்பட்டு ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகின்றன. ஒரு மருந்தைக் கொடுத்தால் மூட்டை முழுசும் பிழைக்கும். இந்த ஆய்வு 1976-ல் வந்தது. இதற்குப் பணம் கொடுத்தது கால்நடை மருந்து கம்பெனிகளின் சங்கமே! அடுத்த வருஷம் எஃப்.டி.ஏ தலைவர் டொனால்ட் கென்னடி தீவன மருந்துகளைத் தடை செய்யப் பார்த்தார். ஜேமி விட்டன் என்ற காங்கிரஸ் உறுப்பினர், நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு அதைத் தடுத்துவிட்டார். அந்த விஷயம் பிறகு ஒரு தலைமுறைக்கு எழுந்திருக்கவே இல்லை.

இனி முடிச்சுக்கு வருவோம்.

புத்தகம் 2013-ல் கலிஃபோர்னியாவில் நோயில் விழுந்த ஒருவரோடு தொடங்குகிறது. ஃபாஸ்டர் ஃபார்ம்ஸ் கோழி மூலம் பரவிய சால்மோனெல்லா ஹைடல்பர்க் அது. 2013 மார்ச் முதல் 2014 ஜூலை வரை 29 மாநிலங்களிலும் பியூர்டோ ரிக்கோவிலுமாக 634 பேர் நோயாளிகள் என்று உறுதி செய்யப்பட்டது. முக்கால்வாசிப் பேர் கலிஃபோர்னியாக்காரர்கள். தகவல் கிடைத்தவர்களில் 38 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். யாரும் சாகவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்தவர்களின் விகிதம் வழக்கத்தைவிட மிக அதிகம். வழக்கமாக 5 சதவீதம் என்றால் இதில் 15.

படிப்பவர் மனதில் ஒரு கோடு தானாக விழுகிறது: பண்ணையில் ஆன்டிபயாடிக், அதனால் எதிர்ப்புள்ள கிருமி, அதனால் இவ்வளவு பேர் ஆஸ்பத்திரியில். ஆனால் சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) அன்றைக்கே வெளியிட்ட விவரங்களைப் பார்த்தால் கோடு அவ்வளவு நேராக இல்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்துச் சோதித்த 68 கிருமிகளில் மூன்றில் ஒரு பங்கு எந்த மருந்துக்கும் எதிர்ப்பு இல்லாதவை. மீதியிலும், எதிர்ப்பு இருந்த மருந்துகள் தீவிர சால்மோனெல்லாவுக்கு டாக்டர்கள் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் அல்ல. அதாவது, அந்தப் பரவலில் கோழிகளுக்கு ஒரு சொட்டு மருந்துகூடக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் ஏராளமானோர் படுத்திருப்பார்கள்.

இதனால் எதிர்ப்புக்கு அர்த்தமே இல்லை என்று ஆகிவிடாது. 1984-ல் ஸ்காட் ஹோம்பெர்க் குழு எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மாட்டுக்கறி வழியாக சால்மோனெல்லா நியூபோர்ட் தொற்றிய 18 பேர். அதில் 12 பேர் வேறு ஏதோ உபாதைக்காக பென்சிலின் வகை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். மருந்து குடலில் இருந்த மற்ற கிருமிகளைக் காலி செய்துவிட, எதிர்ப்புள்ள சால்மோனெல்லாவுக்கு வீடு காலியாகக் கிடைத்தது. தொண்டை வலிக்குச் சாப்பிட்ட மாத்திரை வயிற்றில் நோயை எழுப்பிவிட்ட கதை இது. ஆக எதிர்ப்பு தீங்கு செய்யும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவற்றைப் பிரித்துச் சொல்லாமல், திகிலூட்டும் ஒரு பரவலை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் மருந்துக் கதையை ஓட்டியதுதான் என் குறை. கோழியில் கிருமி இருப்பது ஒரு பிரச்சினை. அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காமல் போவது இன்னொரு பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் பிரச்சினை எங்கே இருக்கிறது? பெரும்பகுதி சட்டத்தில் இருக்கிறது. மெக்கன்னா இதை வேகமாகக் கடந்துவிடுகிறார், எனக்கோ இதுதான் கதையின் நடுத்தூண் என்று படுகிறது. 1974-ல் ஒரு வழக்கு. கறியிலும் கோழியிலும் சால்மோனெல்லா பற்றி எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் கேட்டது. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. வீட்டில் சமைக்கும் பெண்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை, அவர்கள் ஒழுங்காகச் சமைத்தால் கிருமி செத்துவிடும் என்ற பாணியில் தீர்ப்பு. 1993-ல் ஜாக் இன் த பாக்ஸ் ஹாம்பர்கரில் ஈ.கோலை ஓ157 பரவி நான்கு குழந்தைகள் இறந்த பிறகு, 1994-ல் அரைத்த மாட்டுக்கறியில் அந்தக் கிருமி இருந்தாலே கலப்படம் என்று விவசாயத் துறை அறிவித்தது. சால்மோனெல்லாவுக்கு அந்த அந்தஸ்து கிடைக்கவில்லை. 2001-ல் சுப்ரீம் பீஃப் வழக்கில், சால்மோனெல்லா சோதனையில் தோற்றதை மட்டும் வைத்து ஒரு ஆலையை மூட முடியாது என்று இன்னொரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளைவு: பச்சைக் கோழியில் சால்மோனெல்லா இருப்பது அங்கே சட்டப்படி குற்றமில்லை. முத்திரை குத்திய பாக்கெட்டில் கிருமியோடு விற்கலாம். சமைப்பது உங்க பொறுப்பு.

ஃபாஸ்டர் ஃபார்ம்ஸ் விஷயத்தில் இது எப்படி விளையாடியது பாருங்கள். 2013 அக்டோபர் 7-ம் தேதி அரசு எச்சரிக்கை விட்டது, ஆனால் கோழியைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை, சொல்ல அதிகாரமும் இல்லை. ஒரு நோயாளி வாங்கிய கோழி மார்புக்கறியில் அதே கிருமி கிடைத்த பிறகு, 2014 ஜூலையில்தான் கம்பெனி ஒரு சிறு பகுதியைத் திரும்பப் பெற்றது. பரவல் தொடங்கி பதினாறு மாதம்! சோதனை முறையில் இன்னொரு ஓட்டை. அன்றைய தரக்கட்டுப்பாடு முழுக் கோழிக்கு மட்டும்தான். நூறு கோழிக்கு ஏழரை வரை கிருமி இருக்கலாம், அந்தத் தேர்வில் கம்பெனி தேறியிருந்தது. மக்கள் வாங்குவது என்ன? லெக் பீஸ், மார்பு, விங்ஸ். துண்டுக்கு அளவுகோலே கிடையாது. அரசு 2012-ல் எடுத்த கணக்கெடுப்பில் துண்டுகளில் 24 சதவீதத்தில் சால்மோனெல்லா இருந்தது. தோலுக்கடியிலும் சதைக்குள்ளும் மறைந்திருப்பது வெட்டும்போது வெளியே வருகிறது, ஒரு கோழியின் கிருமி கத்தியிலும் மேஜையிலும் ஏறி பத்து கோழிக்குப் போகிறது. 2016-ல்தான் துண்டுகளுக்கு 15.4 சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். அதுவும் தேறாத ஆலையின் பெயரைப் பட்டியலில் போடும் அளவுக்குத்தான்.

‘முடியாது, கோழின்னா கிருமி இருக்கத்தான் செய்யும்’ என்று சொல்பவர்களுக்கு ஸ்வீடன் பதில். 1953-ல் ஆல்வெஸ்டா என்ற ஊரின் கசாப்புக்கூடத்திலிருந்து சால்மோனெல்லா பரவி சுமார் 9,000 பேர் நோயில் விழுந்தார்கள், 90 பேர் இறந்தார்கள். அதன்பின் தீவனத்திலிருந்தே சோதனை, கிருமி கண்ட பண்ணையில் முழு மந்தையையும் அழிப்பது என்று பிடிவாதமாக நின்றார்கள். இன்றைக்கு அங்கே கடையில் வாங்கும் கோழியில் சால்மோனெல்லா அரிதினும் அரிது.

கண்டுபிடிக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றியும் புத்தகத்தில் இன்னும் இரண்டு அத்தியாயம் இருந்திருக்கலாம். பல்ஸ்நெட் என்ற வலையமைப்பு 1996-ல் தொடங்கியது. நோயாளியின் மலத்திலிருந்து கிருமியை வளர்த்து, அதன் டி.என்.ஏவை ஒரு நொதியால் வெட்டி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட விட்டால் கோடு கோடாக ஒரு வரிசை வரும், கடையில் ஒட்டும் பார்கோடு மாதிரி. பல மாநிலங்களில் ஒரே கோட்டு வரிசை திடீரென்று கூடினால் எங்கோ பொதுவான உணவு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஆட்களை வைத்து ஒவ்வொரு நோயாளியையும் விசாரிப்பார்கள்: மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க? போன வியாழக்கிழமை என்ன சாப்பிட்டோம் என்றே நமக்குச் சொல்ல வராது. ஒருவர் நோயில் விழுந்து, அவர் இந்தப் பரவலைச் சேர்ந்தவர் என்று உறுதியாக மூன்று நான்கு வாரம் ஆகிவிடும். ஒவ்வொரு உறுதியான நோயாளிக்குப் பின்னாலும் கணக்கில் வராதவர்கள் சுமார் 29 பேர் என்பது சிடிசியின் மதிப்பீடு. ஆக 634 என்பது உண்மையில் எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

ஹைடல்பர்க் வழக்கில் கூடுதல் தலைவலி என்னவென்றால், அதன் கோட்டு வரிசைகள் நாட்டில் ரொம்ப சகஜமானவை. ஊரில் பாதிப் பேர் ஒரே நிறச் சட்டை போட்டிருக்கும்போது அந்தச் சட்டையை வைத்துத் திருடனைத் தேடுவது போல. 2019-ல் பல்ஸ்நெட் முழு மரபணு வரிசைக்கு மாறியது. சால்மோனெல்லாவின் மரபணு சுமார் 48 லட்சம் எழுத்து. இரண்டு கிருமிகளுக்கு நடுவில் எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணி உறவு சொல்லலாம், எதிர்ப்பு மரபணுக்களும் அதே வாசிப்பில் வந்துவிடும். அற்புதமான முன்னேற்றம். அதே காலத்தில் ஆஸ்பத்திரிகளில் வேறொன்று நடந்தது. கிருமியை வளர்க்காமலே சில மணி நேரத்தில் ‘சால்மோனெல்லா உண்டு’ என்று சொல்லும் பி.சி.ஆர் சோதனைகள் வந்தன. டாக்டருக்கும் நோயாளிக்கும் வசதி. ஆனால் கல்ச்சர் செய்யாவிட்டால் கையில் கிருமி இல்லை, கிருமி இல்லாவிட்டால் படிக்க மரபணுவும் இல்லை, எதிர்ப்புச் சோதனையும் இல்லை. மாதிரியை மறுபடி வளர்க்கும் வேலை அரசு ஆய்வகத்தின் தலையில் விழுகிறது.

மருந்துக் கதைக்கு வலுவான சாட்சி வேண்டுமென்றால் நான் கலிஃபோர்னியாவுக்குப் போக மாட்டேன், கியூபெக்குக்குப் போவேன். அங்கே குஞ்சு பொரிப்பகங்களில், முட்டை பொரிவதற்கு முன்பே செஃப்டியோஃபர் என்ற மருந்தை முட்டைக்குள் ஊசியாகப் போட்டு வந்தார்கள். மனிதர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கடும் சால்மோனெல்லாவுக்குக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோனுக்கு இது நெருங்கிய சொந்தம். கனடாவின் கண்காணிப்புத் திட்டம் கடைக் கோழியையும் நோயாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணியது. எண்ணிக்கை வெளியே வந்ததும் 2005-ல் பொரிப்பகங்கள் தாங்களாக ஊசியை நிறுத்தின. 2004-ல் கடைக் கோழியில் கிடைத்த ஹைடல்பர்க்கில் 62 சதவீதம் எதிர்ப்புள்ளது, 2006-ல் 7. மனிதர்களிடம் 36-லிருந்து 8. பிறகு சிலர் ஊசியை மறுபடி தொடங்கினார்கள், எதிர்ப்பும் மறுபடி ஏறியது. நிறுத்தினால் இறங்குகிறது, தொடங்கினால் ஏறுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேணும்? அமெரிக்காவும் 2005-ல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதைத் தடை செய்தது, ஆனால் முயற்சி தொடங்கிய 2000-லிருந்து ஐந்து வருஷம் பேயர் கம்பெனியோடு மல்லுக்கட்டிய பிறகு.

ஒரு சின்ன இடைச்செருகல். அமெரிக்காவில் விற்கும் ஆன்டிபயாடிக்கில் 80 சதவீதம் விலங்குகளுக்கே போகிறது என்ற எண்ணை இந்த விஷயத்தைத் தொடும் எல்லோரும் எழுதுகிறார்கள். அதில் அயனோஃபோர் வகை மருந்துகளும் சேர்த்தி. அவை மனித மருத்துவத்தில் பயன்படுவதே இல்லை. உண்மையான எண்ணே போதுமான அளவு மோசம், ஊதிக் காட்ட வேண்டியதில்லை.

கடைசி அத்தியாயங்களில் மெக்கன்னா நம்பிக்கை வைப்பது கம்பெனிகள் மீது. பெர்டியூ நிறுவனம் பொரிப்பகங்களைச் சுத்தமாக்கி, தீவனத்தை மாற்றி, படிப்படியாக மருந்தைக் கைவிட்டதை அவர் விரிவாக எழுதுகிறார். அது நடந்தது, நல்லதுதான். எடை கூட்டுவதற்காக மருந்து கொடுப்பதை எஃப்.டி.ஏ 2017 தொடக்கத்தில் முடிவுக்குக் கொண்டுவந்தது. மனிதர்களுக்கு முக்கியமான மருந்துகளின் பண்ணை விற்பனை அந்த ஒரே வருஷத்தில் 33 சதவீதம் சரிந்தது. இன்றைக்கு மீதியில் பெரும்பகுதி பன்றிக்கும் மாட்டுக்கும்தான் போகிறது. ஆனால் வாக்குறுதி கம்பெனியுடையது, கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2023-ல் டைசன் ‘எந்த ஆன்டிபயாடிக்கும் ஒருபோதும் இல்லை’ என்ற முத்திரையைக் கழற்றியது. 2024-ல் சிக்-ஃபில்-ஏ அதையே செய்தது. மனிதர்களுக்கு முக்கியமான மருந்து மட்டும் இல்லை என்பது புது வாசகம். அறிவியல்படி இதில் பெரிய தப்பு சொல்ல முடியாது. ஆனால் சந்தை போகும் திசையை நம்பி ஒரு புத்தகத்தை முடித்தால் இப்படித்தான் காலடியில் நகரும்.

அதைவிடப் பெரிய அடி, கோழிக்கு மருந்து குறைந்த அதே வருஷங்களில் வந்தது. சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் வகையில் ஒரு திரிபு. செஃப்ட்ரியாக்சோன் உட்பட பல மருந்துகளுக்கு அடங்காத மரபணுக்களை ஒரு பெரிய பிளாஸ்மிட்டில் சுமந்துகொண்டு அமெரிக்கக் கோழித் தொழில் முழுக்கப் பரவியது. 2018-ல் சிடிசி விசாரணை தொடங்கி, 32 மாநிலங்களில் 129 பேர், ஒரு மரணம் என்று கணக்கிட்டு, 2019 பிப்ரவரியில் கோப்பை மூடியது. கிருமி போகவில்லை. ஒரு கம்பெனியை, ஒரு ஆலையைக் காட்ட முடியவில்லை, எல்லா இடத்திலும் இருந்தது. புரோபப்ளிக்கா நிருபர்கள் 2021-ல் மரபணுத் தரவை எடுத்துப் பார்த்தபோது ஆட்கள் தொடர்ந்து நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள். லெவி சொன்ன மூட்டைதான் இது. ஒருமுறை கட்டிய மூட்டையை, மருந்தை நிறுத்தியதும் கிருமி தானாக இறக்கி வைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கியூபெக்கில் நடந்தது இங்கே நடக்கவில்லை. ஏன் என்ற கேள்வியை மெக்கன்னா ஒரு மறுபதிப்பில் எடுத்துக்கொண்டால் சந்தோஷப்படுவேன்.

2024 ஆகஸ்ட்டில் விவசாயத் துறை ஒரு வழியாகத் துணிந்து, கோழிக்கறியில் ஆபத்தான சால்மோனெல்லா வகைகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கலப்படம் என்று ஒரு விதியை முன்மொழிந்தது. 1974 தீர்ப்பிலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பது வருஷம். கோழிக்கு அந்தப் பட்டியலில் மூன்று வகைகள்: என்டரிடிடிஸ், டைஃபிமூரியம், டைஃபிமூரியத்தின் நெருங்கிய உறவு ஒன்று. ஹைடல்பர்க் இல்லை. இன்ஃபான்டிஸும் இல்லை. அந்த அரைகுறை விதியையும் 2025 ஏப்ரலில் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

புத்தகத்தை வாங்குபவர்கள் ஜூக்ஸ், லெவி வரும் பகுதிகளை நிதானமாகப் படியுங்கள். கோழிகளை மருந்துக் கரைசலில் முக்கி எடுத்து, கெடாத கோழி என்று விற்ற ஐம்பதுகளின் கூத்தும் தவறவிடக் கூடாதது. பிரெஞ்சுப் பண்ணைகளைச் சுற்றிப் பார்க்கும் பகுதி கொஞ்சம் இழுவை. படித்து முடித்ததும் புரோபப்ளிக்காவின் இன்ஃபான்டிஸ் கட்டுரையை எடுங்கள், புத்தகத்தில் இல்லாத கடைசி அத்தியாயம் அங்கேதான் இருக்கு.